பூண்டு, வெங்காயம், மார்பகப் புற்றுநோய்: ஆய்வுகள் சொல்வது என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் வட்டாரங்களிலிருந்து எமது புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் மார்பகப் புற்றுநோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், தினமும் நாலு பல் பச்சைப் பூண்டு சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடுமாமே?" சிலர் வெங்காயச் சாறு என்பர், சிலர் தேனில் ஊறிய பூண்டு என்பர், சிலர் மருந்துக்கடையில் வாங்கிய பூண்டு மாத்திரைக் குப்பியையே எடுத்து மேசைமீது வைப்பர். எல்லோரும் காட்டும் சான்று ஏறத்தாழ ஒன்றுதான்: கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தி, அதில் "விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டனர்" என்ற ஒரு வரி.

அச்செய்தி முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது எளிது. ஆனால் பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள சில சேர்மங்கள் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களை ஆய்வகத்தில் கொல்கின்றன என்பது உண்மை. நம் சென்னையிலேயே அவ்வாறு கண்டறிந்திருக்கிறார்கள். அந்த உண்மையிலிருந்து "ஆகவே பூண்டு சாப்பிட்டால் நோய் தீரும்" என்ற முடிவுக்குத் தாவுவதற்கு இடையே என்னென்ன விடுபட்டுப் போகின்றன என்பதைப் பொறுமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நசுக்கும்போது நிகழ்வது

முழுப் பூண்டுப் பல்லுக்கு அவ்வளவாக மணம் கிடையாது. நசுக்கியவுடன்தான் நெடி எழுகிறது. காரணம், பூண்டின் திசுக்களில் அல்லீன் என்னும் கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்னும் நொதி வேறோர் அறையிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மியிலோ கத்தியிலோ அந்த அறைகள் உடைந்ததும் இரண்டும் கலந்து சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. 1944 இல் அமெரிக்காவில் கவாலிட்டோ, பெய்லி ஆகியோர் இதனைப் பிரித்தெடுத்தனர். அல்லிசின் நிலையற்ற பொருள். விரைவிலேயே அது டைஅல்லைல் டைசல்ஃபைடு, டைஅல்லைல் டிரைசல்ஃபைடு, அஜோயின் முதலிய வேறு கந்தகச் சேர்மங்களாக மாறிவிடும். ஆய்வுகளில் நீங்கள் காணும் பெயர்கள் பெரும்பாலும் இவைதாம்.

வெங்காயத்திலும் இதே குடும்பத்து ஏற்பாடுதான். அங்கே கூடுதலாக இன்னொரு நொதி வேலை செய்து, கண்ணைக் கரிக்கும் ஆவியை உண்டாக்குகிறது. வெங்காயத்தின் சிறப்பு கந்தகத்தைவிடக் குவர்சிடின் என்னும் நிறமியே. சிவப்பு வெங்காயத்தில் இது மிகுதி, வெள்ளை வெங்காயத்தில் மிகக் குறைவு. வெளிப்புற அடுக்குகளில் செறிந்திருப்பதால், உரிக்கும்போது இரண்டு மூன்று அடுக்குகளைத் தாராளமாகக் கழித்துவிடுவோர் இதன் பெரும்பகுதியைக் குப்பையில் போடுகிறார்கள் என்றே சொல்லலாம்.

ஆய்வகத் தட்டில் இறக்கும் உயிரணுக்கள்

மார்பகப் புற்றுநோய் ஆய்வில் எம்.சி.எஃப்.-7 என்ற பெயர் அடிக்கடி வரும். 1970 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், நோய் முற்றிய 69 வயதுக் கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரலைச் சூழ்ந்து தேங்கியிருந்த நீரிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் இவை. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் இவை பெருகிக்கொண்டிருக்கின்றன. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகைப் புற்றுநோய்க்கு இவற்றை மாதிரியாகக் கொள்வர். கட்டுப்படாத கடுமையான வகைக்கு எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்பதைப் பயன்படுத்துவர்.

இவ்விரு வகை உயிரணுக்கள் வளரும் தட்டில் டைஅல்லைல் டைசல்ஃபைடைச் சேர்த்தால் அவற்றின் பெருக்கம் தடைப்படுகிறது. பல உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முந்தைய கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. பிறகு அவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இத்தகைய தன்னழிவுப் பொறி ஒன்று உண்டு; புற்றுநோய் உயிரணு அதைப் பூட்டி வைத்திருக்கும். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அந்தப் பூட்டைத் திறக்கின்றன.

நம் ஊர்ப் பணிகளையும் குறிப்பிட வேண்டும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெள்ளெலிகளின் கன்னத்தில் வேதிப்பொருளால் உண்டாக்கும் புற்றில் பூண்டு இத்தன்னழிவைத் தூண்டுவதை 2002 இல் வெளியிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் 2005 இல் டைஅல்லைல் டைசல்ஃபைடை ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் உயிரணுக்களில் சோதித்தனர். அதே பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து 2015 இல் வந்த ஆய்வு நேரடியாக மார்பகம் பற்றியது: குவர்சிடின், எம்.சி.எஃப்.-7 உயிரணுக்களில் 'ட்விஸ்ட்' என்னும் புரதத்தை அடக்கி அவற்றைத் தன்னழிவுக்குள் தள்ளுகிறது என்று அது காட்டியது. புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவ உதவும் புரதங்களுள் ட்விஸ்டும் ஒன்று. இவை நேர்மையான, பயனுள்ள ஆய்வுகள். எந்தப் பொறியை இயக்கினால் புற்றுநோய் உயிரணு வீழும் என்பதை இவை வழியாகத்தான் நாம் அறிகிறோம்.

தட்டுக்கும் உடலுக்கும் உள்ள தொலைவு

ஆய்வகத் தட்டில் உயிரணுக்கள் ஒரே படலமாகப் படிந்திருக்கும். மருந்தை நேராக அவற்றின்மீது ஊற்றலாம். வேண்டிய செறிவில், வேண்டிய நேரம்வரை வைத்திருக்கலாம். அங்கே வயிறு இல்லை, குடல் இல்லை, கல்லீரல் இல்லை. உப்புக் கரைசலின் செறிவைக் கூட்டினால்கூட அத்தட்டில் உயிரணுக்கள் சாகும். எனவே தட்டில் கொல்லுமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. வாய்வழி உட்கொண்டபின் போதிய அளவில் கட்டியைச் சென்றடையுமா, நல்ல உயிரணுக்களை விட்டுவிடுமா, நோயாளியின் ஆயுளைக் கூட்டுமா என்பனவே எமக்கு வேண்டிய விடைகள்.

முதல் கேள்வியிலேயே பூண்டு தடுமாறுகிறது. பெருமளவு பச்சைப் பூண்டை உண்டவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது அதில் அல்லிசினைக் காண முடியவில்லை. அல்லிசின் எதிர்ப்படும் புரதங்களோடெல்லாம் உடனே வினைபுரியும் இயல்புடையது. ஆகவே செரிமானப் பாதையிலும் இரத்த அணுக்களிலும் கல்லீரலிலுமே அது தீர்ந்துவிடுகிறது. எஞ்சுவதில் முக்கியமானது அல்லைல் மெத்தில் சல்ஃபைடு. அது இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறும். பூண்டு தின்ற மறுநாளும் பல் துலக்கியபின்னும் வாசனை போகாமல் இருப்பது இதனால்தான்.

குவர்சிடினுக்கு வேறு வகைத் தடை. வெங்காயத்திலிருந்து அது ஓரளவு நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் குடற்சுவரும் கல்லீரலும் அதை உடனடியாக வேறு வடிவங்களாக மாற்றிவிடுகின்றன. ஒரு வேளை நிறைய வெங்காயம் உண்டபின் இரத்தத்தில் காணப்படும் உச்ச அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரோமோலார். அதுவும் பெரும்பாலும் மாற்றமடைந்த வடிவில். தட்டில் புற்றுநோய் உயிரணுக்களை வீழ்த்தப் பொதுவாகத் தேவைப்படுவதோ பத்துப் பத்தாக எண்ணத்தக்க மைக்ரோமோலார் அளவு, அதுவும் மாற்றமடையாத தூய வடிவில். தட்டில் ஊற்றியது ஒரு குடம் என்றால், கட்டிக்குப் போய்ச் சேர்வது ஓரிரு கரண்டி.

1957 இல் அமெரிக்காவில் வைஸ்பர்கர், பென்ஸ்கி ஆகிய இருவர் செய்த ஒரு சோதனையை இணையத்தில் பலர் மேற்கோள் காட்டுகின்றனர். பூண்டின் சாரத்தை ஒத்த ஒரு கந்தகச் சேர்மத்தோடு கட்டி உயிரணுக்களைக் கலந்து, பிறகு எலிகளுக்குள் செலுத்தினர். அவ்வுயிரணுக்கள் கட்டியாக வளரவில்லை. இச்செய்தியைப் பகிர்வோர் கவனிக்காமல் விடுவது, அந்தக் கலப்பு உடலுக்கு வெளியே நடந்தது என்பதை. ஏற்கெனவே மார்பில் வேரூன்றிய கட்டியோடு அவ்வாறு கலந்துவிட நமக்கு வழியில்லை.

"தாவரத்திலிருந்து புற்றுநோய் மருந்து வராதா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாராளமாக வரும். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு நாங்கள் அன்றாடம் ஏற்றும் பாக்லிடாக்சல், பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையில் கிடைத்தது. 1971 இல் அதன் வடிவம் கண்டறியப்பட்டது; மார்பகப் புற்றுநோய்க்கு அது அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது 1994 இல். இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகள் அளவு, நச்சுத்தன்மை, பயன் ஆகியவற்றை முதலில் விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் படிப்படியாகச் சோதிப்பதில் கழிந்தன. அல்லிசின் கண்டறியப்பட்டு எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பூண்டின் எந்தச் சேர்மமும் இதுவரை அந்தப் படிகளைக் கடந்து மார்பகப் புற்றுநோய் மருந்தாக ஆகவில்லை.

மனிதர்களிடம் கண்டது

வருமுன் காக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை இதைவிடச் சற்று நம்பிக்கையளிக்கிறது, ஆனால் உறுதியானதன்று. போர்ட்டோ ரிக்கோ தீவில் வெங்காயமும் பூண்டும் அரைத்துச் செய்யும் 'சோஃப்ரிட்டோ' என்னும் கலவை, நம் வெங்காயத் தாளிப்பைப் போல எல்லாச் சமையலுக்கும் அடிப்படை. அங்கே மார்பகப் புற்றுநோய் கண்ட 314 பெண்களையும் நோயற்ற 346 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு முறைக்குமேல் அக்கலவையை உண்டவர்களிடம் நோய் வாய்ப்பு 67 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. கேட்கக் கவர்ச்சியான எண். ஆயினும் நோய் வந்தபின் பழைய உணவை நினைவுகூரச் சொல்லும் ஆய்வு இது. அவ்வாறு உண்போர் பிற வகைகளிலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம். நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கான பெண்களின் உணவை முன்கூட்டியே பதிவுசெய்து பின்தொடர்ந்து 1995 இல் வெளியான ஆய்வில், வெங்காயத்துக்கோ பூண்டு மாத்திரைக்கோ மார்பகப் புற்றுநோயோடு எவ்விதத் தொடர்பும் தென்படவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மதிப்பீட்டு முறையைப் பின்பற்றிக் கொரிய ஆய்வாளர்கள் எல்லா ஆய்வுகளையும் அலசி 2009 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பூண்டு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிவு செய்தனர்.

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் பூண்டு மாத்திரையை ஏழு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்து, மொத்தம் 22 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு ஒன்றும் உண்டு. அதில் இரைப்பைப் புற்றுநோயால் இறப்பது குறைந்திருந்தது. பூண்டு நேராகத் தொடும் உறுப்பு இரைப்பை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். மார்பகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சமையல் அறைக்குப் பயன்படும் ஒரு தகவல். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெண் எலிகளின் மார்புத் திசுவில் புற்றுநோயூக்கி ஒன்று மரபணுவோடு ஒட்டிக்கொள்வதைப் பூண்டு தடுக்கிறதா என்று பார்த்தார்கள். பச்சைப் பூண்டு தடுத்தது. அறுபது நொடிகள் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த பூண்டு தடுக்கவில்லை, ஏனெனில் வெப்பம் அல்லினேஸ் நொதியை அழித்துவிடுகிறது. நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு சூடாக்கியபோது பயனில் ஒரு பகுதி தங்கியது. ஆகவே பூண்டை நசுக்கிச் சற்று நேரம் வைத்துவிட்டுத் தாளிப்பதில் பொருளுண்டு. குவர்சிடின் அவ்வளவு எளிதில் வெப்பத்துக்கு அழியாது. வேகும் நீரில் இறங்கும். சின்ன வெங்காயச் சாம்பாரில் அந்த நீரையும் நாம் உண்டுவிடுவதால் இழப்பில்லை.

சிகிச்சையின்போது

இப்போது மிகவும் கவலைக்குரிய பகுதிக்கு வருகிறேன். இந்தியாவில் 2022 இல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டிருக்கலாம் என உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிடுகிறது. இவர்களுள் தொடக்க நிலையில் வருவோரைக் குணப்படுத்த இன்று நல்ல வழிகள் உள்ளன. ஆனால் நெல்லிக்காய் அளவுக் கட்டியோடு பயாப்சி முடிவு கையில் இருக்கும்போதே, "மூன்று மாதம் பூண்டு பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சென்று, கட்டி தோலைப் பிளந்து புண்ணான பிறகு திரும்புவோரை எம் பிரிவில் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த மூன்று மாதத்தில் மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றும் வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும். அமெரிக்காவில் 2018 இல் வெளியான ஆய்வொன்று, முறையான சிகிச்சையை விடுத்து மாற்று முறைகளை மட்டும் நாடியவர்களைக் கணக்கெடுத்தது. அவர்களுள் மார்பகப் புற்றுநோயாளிகளின் இறப்பு வாய்ப்பு, சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

செலவுக்கு அஞ்சியே பலர் தள்ளிப்போடுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. கட்டணம் பற்றிய தயக்கம் இருந்தால் மருத்துவரிடமே சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கட்டியின்மீது பூண்டை அரைத்துப் பற்றுப் போடுவது உள்ளே எதையும் கரைக்காது. மேலே தோலைத்தான் வேகவைக்கும். பச்சைப் பூண்டு விழுது சில மணிநேரத்தில் தீக்காயம் போன்ற கொப்புளத்தை உண்டாக்கவல்லது. அந்தப் புண் ஆறும்வரை அறுவையையோ கதிர்வீச்சையோ ஒத்திவைக்க நேரலாம். கதிர்வீச்சு பெற்றுக்கொண்டிருக்கும் தோலில் இதைச் செய்யவே கூடாது.

சமையலில் சேரும் பூண்டு, வெங்காயத்தைப் பற்றி எமக்கு எத்தடையும் இல்லை. பூண்டுக் குழம்பு, பூண்டு ரசம், வெங்காயத் தொக்கு என வழக்கம்போல் உண்ணுங்கள். வேதிச்சிகிச்சையின்போது நாவில் சுவை மரத்துப்போயிருக்கும் நாள்களில், நன்கு வேகவைத்த பூண்டின் மணம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடவைக்கும். அதுவே பெரிய உதவி. ஈரானில் நடந்த ஒரு சிறு ஆய்வில், டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகள் நாள்தோறும் 100 முதல் 160 கிராம் வெங்காயம் உண்டபோது, சிகிச்சைக் காலத்தில் ஏறும் இரத்தச் சர்க்கரை சற்றுக் கட்டுப்பட்டது. புற்றுநோய் குறைந்ததாக அந்த ஆய்வு கூறவில்லை. வாய்ப்புண் இருக்கும்போது பச்சையாக உண்ண வேண்டாம், எரியும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் பச்சை வெங்காயத் தயிர்ப்பச்சடியைவிட வதக்கியதே நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளோரும் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டைத் தவிர்க்கவும்.

மாத்திரைகளின் கதை வேறு. செறிவூட்டப்பட்ட பூண்டு மாத்திரை, எண்ணெய்க் குமிழ் மாத்திரை, பூண்டுச் சாறு ஆகியவை இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கின்றன. அறுவைக்கு முன் குறைந்தது ஏழு நாள்களுக்கு இவற்றை நிறுத்திவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் முதலிய மருந்துகளை உண்போரும், வேதிச்சிகிச்சையால் தட்டணுக்கள் குறைந்திருப்போரும் இவற்றைத் தொடவே வேண்டாம் என்பேன்.

கல்லீரல் பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுகிறது. பூண்டு மாத்திரை அந்த வேலையில் தலையிடக்கூடும். எச்.ஐ.வி. நோய்க்கான சக்வினாவிர் என்னும் மருந்தின் இரத்த அளவைப் பூண்டு மாத்திரை ஏறத்தாழப் பாதியாக்கிவிட்டதாக 2002 இல் கண்டறிந்தனர். மார்பகப் புற்றுநோய்க்கு நாங்கள் அளிக்கும் டோசிடாக்சலோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று 2006 இல் வெளியான ஆய்வு பார்த்தது. நோய் பரவிய பத்துப் பெண்களுக்கு 600 மில்லிகிராம் பூண்டு மாத்திரையை நாளுக்கு இருமுறை பன்னிரண்டு நாள்கள் கொடுத்தனர். உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் கிடைக்கவில்லை. ஆனால் குறிப்பிட்ட மரபணு அமைப்பு உடையவர்களிடம் மருந்து உடலை விட்டு வெளியேறுவது மெதுவாகும் போக்குத் தெரிந்தது. மருந்து நீண்ட நேரம் தங்கினால் பக்கவிளைவு கூடும். உங்களிடம் அந்த மரபணு உண்டா என்று நாங்கள் வழக்கமாகப் பரிசோதிப்பதில்லை. ஆகையால் வேதிச்சிகிச்சை நடக்கும் மாதங்களில் பூண்டு மாத்திரை வேண்டாம் என்பதே எம் நிலைப்பாடு.

இவற்றை ஏற்கெனவே உட்கொண்டுவந்தால் மறைக்க வேண்டா. கோபித்துக்கொள்வார்களோ என்று எண்ணி மறைப்போர் பலர். கேட்டால் அத்தையோ சித்தியோ அன்போடு வாங்கிக் கொடுத்தது என்பார்கள். யாரும் கோபிக்கப்போவதில்லை. அடுத்த முறை வரும்போது அந்தக் குப்பியையும், லேகியம் அல்லது சூரணம் இருந்தால் அதன் உறையையும், கடைசியாக எப்போது உண்டீர்கள் என்ற விவரத்தையும் கொண்டு வாருங்கள். அறுவை நாள் குறிக்கப்பட்டிருந்தால் மயக்க மருந்து நிபுணரிடமும் தனியே சொல்லிவிடுங்கள். அவர் முன்பரிசோதனைச் சீட்டில் அதைக் குறித்துக்கொள்வார்.